ஆழ்கடல் செங்களியும் நம் ஊர்ச் செம்மண்ணும்: படிவைப் பார்த்து அது படிந்த இடத்தை எப்படி அறிகிறார்கள்?

செம்மண் வாத்தியார்:

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் பெருங்கடல்களின் அடித்தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடலின் மிக ஆழமான பகுதிகளில் செங்களி படிந்து கிடக்கிறது என்று குறிப்பிட்டேன். ஒரு மாணவி எழுந்து, "நம்ம ஊர் மண்ணும் செவப்புத்தானே சார், அப்படின்னா நம்ம ஊரும் ஒரு காலத்துல ஆழ்கடலா இருந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவள் தொடர்ந்து கேட்டாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. அப்படி ஒரு விடையை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ணால் யாரும் போய்ப் பார்க்காத ஆழத்திலிருந்து ஒரு பிடிச் சேறு மேலே வருகிறது. அது எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு குளிர்ந்த நீரில், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் படிந்தது என்பதை அந்தச் சேற்றை வைத்தே சொல்கிறார்களே, அது எப்படி? அறிந்தவர்கள் விளக்கினால், சொல்கிறபடியே வகுப்பில் சொல்வேன்.

தொண்டிக்கரை:

ஐயா, வணக்கம். நான் கடல் நிலவியல் படித்தவள். கடலடியிலிருந்து குழாயில் எடுத்துவரும் படிவுத் தூண்களைத் துண்டு துண்டாக அறுத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, மிஞ்சும் நுண்ணிய ஓடுகளை ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து எண்ணுகிற வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அதனால் உங்கள் மாணவியின் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

அவள் கண்டது சரி. இரண்டு மண்ணும் சிவந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பாறையை அரித்து, கரையக்கூடியவற்றையெல்லாம் கொண்டுபோய்விட்டன. இரும்பு ஆக்சைடு மட்டும் தங்கிச் செம்மண்ணாகவும் செம்புராங்கல்லாகவும் நிற்கிறது. ஆழ்கடலுக்கோ ஆக்சிஜன் மேலிருந்து நேராக இறங்குவதில்லை. அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர்ந்து கனத்து மூழ்கும் நீர் அதைச் சுமந்துகொண்டு பெருங்கடல்களின் அடியில் பரவுகிறது. கரையிலிருந்து வெகு தொலைவில் மேல்மட்டத்தில் உயிர்கள் குறைவு. அதனால் கீழே விழும் உணவுத் துணுக்கும் குறைவு. ஆகவே வந்த ஆக்சிஜனைச் செலவழிக்க அங்கே ஆளில்லை. மிஞ்சிய ஆக்சிஜன் களியில் உள்ள இரும்பைச் சிவக்க வைக்கிறது. ஆகவே சிவப்பு நிறம் "இங்கே ஆக்சிஜன் இருந்தது" என்பதை மட்டுமே சொல்லும். ஆழத்தை அது சொல்லாது.

ஆழத்தைச் சொல்வது அந்தக் களியில் இல்லாத ஒரு பொருள், அதாவது சுண்ணாம்பு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கடலடிச் சேற்றை இடம் இடமாக அள்ளிவந்தது. அவற்றை ஆராய்ந்து ஜான் முர்ரே, அல்ஃபோன்ஸ் ரெனார்ட் இருவரும் 1891இல் வெளியிட்ட அறிக்கையில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மேலே மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்னும் ஓரணு உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் மிதமான ஆழத்துச் சேற்றில் நிறைந்திருக்கின்றன. ஆழம் கூடக் கூட அந்த ஓடுகள் மெலிந்து, அரிக்கப்பட்டு, ஓர் எல்லைக்குக் கீழே அறவே மறைந்துவிடுகின்றன. மேற்பரப்பில் அதே உயிர்கள்தாம் வாழ்கின்றன. அதே மழைபோல் ஓடுகள் விழுகின்றன. கீழே போய்ச் சேர்ந்தபின் கரைந்துபோகின்றன. எல்லாம் கரைந்த பிறகு மிஞ்சுவதுதான் செங்களி: காற்றில் வந்த தூசி, எரிமலைச் சாம்பல், விண்ணிலிருந்து விழுந்த நுண்துகள்.

அந்தக் களி ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேர்கிறது. சேலஞ்சர் செங்களியில் வலை போட்டபோது சுறாப் பற்களும் திமிங்கிலத்தின் காது எலும்புகளும் ஏராளமாக வந்தன. சுறாக்கள் அங்கே மிகுதி என்பது அதற்குப் பொருள் அன்று. விழுந்த பல்லை மூடுவதற்குக்கூடப் போதிய சேறு அங்கே வருவதில்லை என்பதே பொருள். நம் ஊர்ச் செம்மண்ணில் ஒரு சுறாப் பல்லும் இல்லை. மாறாக, அடியில் உள்ள பாறையின் குவார்ட்ஸ் மணல் பரல்கள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. மாணவிக்கு அதைக் கையில் எடுத்துக் காட்டலாம்.

சுண்ணாம்புக் காளவாய்:

நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர்கள் நூறு ஆண்டைக் கடந்தும் கண்ணாடிபோல் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறேன். கடற்கரையில் கிளிஞ்சல் எத்தனையோ காலம் அப்படியே கிடக்கிறது. அதே கடலின் அடியில் அது கரைந்துபோகும் என்பதை ஏற்க எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆழத்து நீரில் அப்படி என்ன இருக்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் பலரும், வளவில் பதித்திருக்கும் இத்தாலியச் சலவைக்கல் ஆழ்கடல் சேறு இறுகி உண்டானது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா?

தொண்டிக்கரை:

முதல் கேள்விக்கு விடை கோலி சோடாவில் இருக்கிறது. சோடாவின் கரிப்பு நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடினால் வருவது. குளிர்ந்த நீர் அந்த வாயுவை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் சுண்ணாம்பின் கரையும் தன்மையும் கூடும். ஆழ்கடலில் இரண்டும் உண்டு. மூன்றாவதாக, ஆழத்து நீர் மேற்பரப்பைப் பிரிந்து நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும்; மேலிருந்து விழும் உயிர்ப்பொருள் மட்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு அதில் சேர்ந்துகொண்டே போகிறது. கரையோர நீர் வெதுவெதுப்பானது, ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்தது. அதனால் உங்கள் கிளிஞ்சலுக்கு அங்கே ஆபத்தில்லை.

விழும் சுண்ணாம்பும் கரையும் சுண்ணாம்பும் சமமாகும் ஆழத்தைச் சுண்ணாம்பு ஈட்டு ஆழம் என்கிறோம். பசிபிக்கில் அது பெரும்பாலும் 4,200 முதல் 4,500 மீட்டர் வரை. அட்லாண்டிக்கில் ஏறக்குறைய 5,000 மீட்டர். பசிபிக்கின் ஆழத்து நீர் வயதில் மூத்தது, கார்பன் டை ஆக்சைடு கூடியது, ஆகவே அங்கே எல்லை மேலே இருக்கிறது. மலைகளின் உச்சியில் மட்டும் பனி வெண்மையாகப் படிந்திருப்பது போல, கடலடி மலைகளின் முகடுகள் சுண்ணச் சேற்றால் வெளுத்தும், இடைப்பட்ட பள்ளங்கள் களியால் பழுப்பாகவும் இருக்கும். பெட்ரோபாடு என்னும் சிறு நத்தைகளின் ஓடு அரகோனைட் வகைச் சுண்ணாம்பால் ஆனது; அது இன்னும் எளிதில் கரையும் என்பதால் மேலும் குறைந்த ஆழத்திலேயே மறைந்துவிடும். ஆக, எந்த ஓடு இருக்கிறது, எது பாதி அரிக்கப்பட்டிருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகப் பார்த்தால் ஆழத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

சலவைக்கல்லைப் பற்றி நீங்கள் கேட்டது ஆழ்கடல் கதை அன்று. இத்தாலியின் கராரா மலைச் சலவைக்கல் ஜுராசிக் காலத்தில் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல் மேடையில் படிந்த சுண்ணாம்பு. பின்னர் மலை எழும்பியபோது வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடிகமாகி வெளுத்தது. அந்த மறுபடிகமாதலில் ஓடுகளின் வடிவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. வெறும் கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது எங்கே படிந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. அருகே உருமாறாமல் நிற்கும் அதே காலத்துச் சுண்ணப்பாறையைப் பார்த்துத்தான் சொன்னார்கள். வீட்டுக்காரர்களிடம் தயவுசெய்து ஆழம் குறைந்த கடல் என்றே சொல்லுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: கரும்பலகைச் சுண்ணக்கட்டியின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்ட நினைத்தால் ஏமாற்றமாகிவிடும். நம் பள்ளிகளில் பயன்படுவது பெரும்பாலும் ஜிப்சம், அது நுரைக்காது. கிளிஞ்சலைப் பொடித்து அதன் மேல் விடுங்கள்.

பேரேடு:

நான் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா சொன்னதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது இது: கடலடியில் கிடப்பது வரவு அன்று, வரவில் பற்றுப் போக நின்ற இருப்பு. இருப்பை மட்டும் பார்த்துவிட்டு வரவு குறைவு என்று எழுதினால் பேரேடு தவறாகிவிடும். செங்களியில் ஓடு இல்லை என்பதால் மேலே உயிர் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சரியாகப் பிடித்திருக்கிறேனா?

என் ஐயா கொண்டுவிக்க பர்மாவுக்குப் போனவர். ரங்கூன் கப்பலில் பல நாள் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனதை வயதான காலத்திலும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கப்பலுக்கு அடியில், வங்காள விரிகுடாவின் தரையில், என்ன கிடக்கிறது? அங்கேயும் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தானா?

தொண்டிக்கரை:

மிகச் சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. வரவிலும் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மேலிருந்து நாள்தோறும் தூறலாக விழுவது ஒன்று, பக்கவாட்டில் திடீரென்று வெள்ளமாக வருவது மற்றொன்று. உங்கள் ஐயா கடந்த கடலின் தரை இரண்டாவது வகைக்கு உலகிலேயே மிகப் பெரிய எடுத்துக்காட்டு.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. வங்கதேசக் கரைக்கு வெளியே ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் வழியே இறங்கும் சேறு தெற்கே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரவி, இலங்கையையும் தாண்டிப் போகிறது. வடக்கே கரைக்கு அருகில் கடலடிப் படிவுகளின் மொத்தத் தடிமன் 16 கிலோமீட்டரைக் கடக்கிறது. ஆழம் கூடியதுதான், கரை தொலைவில் இருப்பதுதான், ஆனாலும் அங்கே மணலும் அப்பிரகமும் மரத்துண்டுகளும் கிடைக்கின்றன. 2015இல் ஒரு பன்னாட்டுத் துளையிடல் பயணத்தில் 8 பாகை வடக்கில் கிழக்கு மேற்காக ஏழு இடங்களில் துளையிட்டார்கள். அந்தத் தூண்களில் இமயத்து மணலும் மக்கிய தாவரமும் அடுக்கடுக்காக இருந்தன.

அந்த மணலை மட்டும் பார்த்து "இது ஆற்றுப்படுகை" என்று ஒருவர் சொன்னால் அதில் வியப்பில்லை. இடையிடையே உள்ள மெல்லிய அடுக்குகளில் ஆழ்கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா ஓடுகள் இருப்பதால்தான் உண்மை தெரிகிறது. கரையோரத்தில் தரையில் வாழும் வகைகள் மிகுதி. ஆழம் கூடினால் மிதந்து வாழும் வகைகளின் பங்கு கூடிக்கொண்டே போய் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிடும். அமைதியான நாட்களின் அடுக்குதான் இடத்தைச் சொல்கிறது. வெள்ளத்தின் அடுக்கு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது.

ஊருணி:

கண்மாய்த் தூர்வாரும் பணிகளை மேற்பார்வை செய்யும் பொறியாளன் நான். நீங்கள் சொல்வதை எங்கள் கண்மாய்களிலேயே சிறிய அளவில் பார்க்கலாம். கரம்பை அள்ளுவதற்காக இயந்திரம் வெட்டிய பள்ளத்தின் சுவரைக் கவனித்தால், ஒவ்வொரு பெருமழைக்கும் ஓர் அடுக்கு தெரியும்: அடியில் பருமணல், அதன் மேல் பொடிமணல், மேலே வழவழப்பான களி. வரத்துக்காலின் வாயில் மணல் தடித்தும், மடைக்கு அருகில் களி தடித்தும் இருக்கும். மழை இல்லாத ஆண்டுகளில் காற்றில் வந்த தூசியும் இலைச் சருகும் மெல்லிய கோடாக மட்டும் தெரியும். இதே முறைதான் கடலுக்கும் என்றால், கண்மாய்க்கு வரத்துக்கால் இருப்பதுபோல் நடுக்கடலில் மணலை ஓடவைப்பது எது? நீருக்குள் நீர் எப்படி வெள்ளமாக ஓடும்?

தொண்டிக்கரை:

சேறு கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. ஆகவே சரிவில் அது ஓர் ஆறுபோல் தரையை ஒட்டி இறங்கும். இதை உலகம் நம்பியதே தாமதமாகத்தான். 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலநடுக்கத்தின் மையத்தை அடுத்த கடலடித் தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன; அதற்குக் கீழே சரிவில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு அறுந்துகொண்டே போயின. மொத்தம் 12 கம்பிகள். ஒவ்வொன்றும் அறுந்த நேரம் தந்தி நிலையங்களில் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1952இல் ஹீசனும் யூவிங்கும் அந்த நேரங்களை அடுக்கிப் பார்த்து, சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு சேற்று வெள்ளம் இறங்கியிருக்கிறது என்று காட்டினார்கள்.

அந்த வெள்ளம் வேகம் குறையும்போது உங்கள் கண்மாயில் நடப்பதே நடக்கிறது. அர்னால்ட் பௌமா 1962இல் அந்த அடுக்கின் ஒழுங்கை ஐந்து பகுதிகளாக வகுத்தார்: அடியில் கோடுகளற்ற பருமணல், அதன்மேல் கிடைக்கோடுகள், பிறகு சிற்றலை வடிவங்கள், பிறகு நுண்வண்டல், உச்சியில் களி. வேகம் படிப்படியாகக் குறைந்ததை ஒரே அடுக்கில் கீழிருந்து மேலாகப் படிக்கலாம். இத்தகைய அடுக்குகளை நேரில் பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. போர்ட் பிளேருக்கு அருகே கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், ஆழ்கடலில் படிந்து பின்னர் உயர்த்தப்பட்ட மணற்பாறை, களிப்பாறை அடுக்குகள் சாய்ந்து நிற்கின்றன.

வெள்ளம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைக் களித் தாதுக்கள் சொல்லும். இமயத்திலிருந்து வருவதில் இல்லைட்டும் குளோரைட்டும் மிகுதி. தக்காணத்துக் கரிசல் நிலத்தை அரித்துவரும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் வண்டலில் ஸ்மெக்டைட் மிகுதி. விரிகுடாவின் மேற்குப் பகுதித் தூண்களில் இவ்விரண்டின் பங்கும் அடுக்குக்கு அடுக்கு மாறுவதைப் பார்த்து, எந்தக் காலத்தில் எந்த ஆற்றின் கை ஓங்கியிருந்தது என்று கணிக்கிறார்கள்.

கானாடுகாத்தான் மாணவி:

நான் வேதியியல் முதுகலை படிக்கிறேன். ஓடுகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே ஆக்சிஜனின் எடை வேறுபட்ட வகைகளை, கொண்டு பழங்கால வெப்பநிலையை அளக்கிறார்கள் என்று பாடத்தில் வருகிறது. ஓட்டில் கனமான ஆக்சிஜன்-18இன் பங்கு கூடினால் நீர் குளிர்ந்திருந்தது என்கிறார்கள். ஆனால் அந்த நீரிலேயே ஆக்சிஜன்-18 கூடியிருந்தால் ஓட்டிலும் கூடத்தானே செய்யும்? குளிரையும் இதையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

தொண்டிக்கரை:

இந்தக் கேள்வியில்தான் அறிவியலாளர்களே பல ஆண்டுகள் நின்றார்கள். 1955இல் எமிலியானி ஓடுகளில் கண்ட மாற்றத்தைப் பெரும்பாலும் வெப்பநிலை என்றே படித்தார். கடலிலிருந்து ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 கொண்ட நீர் எளிதாகக் கிளம்பும்; அது பனியாக விழுந்து கண்டங்களின் மேல் பல்லாயிரம் ஆண்டுகள் சிறைப்பட்டால், கடலில் மிஞ்சும் நீர் கனத்துவிடும். ஆழ்கடல் நீர் ஏற்கெனவே உறைநிலைக்கு அருகில் இருப்பதால், அது மேலும் குளிர இடம் குறைவு. அப்படியிருந்தும் ஆழத்தில் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெராவிலும் மாற்றம் பெரிதாகத் தெரிந்தது. ஆகவே இதில் பெரும்பங்கு பனிப்பாறையின் கணக்கு என்று 1967இல் ஷேக்கில்டன் வாதிட்டார். பிற்காலத்தில் அதே ஓட்டில் மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து வெப்பநிலையைத் தனியாகக் கண்டு, அதைக் கழித்துப் பார்க்கும் வழி வந்தது.

வங்காள விரிகுடாவில் மூன்றாவது காரணமும் உண்டு. பருவமழையும் ஆறுகளும் கொட்டும் நன்னீர் இலேசானது. மழை மிகுந்த காலத்தில் மேல்மட்ட ஓடுகளும் இலேசாகும். அதே எண்ணை ஒருவர் வெப்பம் என்றும், ஒருவர் பனி உருகல் என்றும், ஒருவர் நல்ல மழை என்றும் படிக்கலாம். துணைக்கு வேறொரு சான்று இல்லாமல் ஐசோடோப்பு எண்ணை மட்டும் வைத்துச் சூழலைச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

சான்றுகள் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். தென் இந்தியப் பெருங்கடலில் எடுத்த இரண்டே தூண்களில், ஐசோடோப்புகளையும் ரேடியோலேரியா என்னும் மிதக்கும் நுண்ணுயிர் இனங்களின் விகிதத்தையும் சேர்த்து ஆராய்ந்த ஹேய்ஸ், இம்ப்ரி, ஷேக்கில்டன் மூவரும், 1976இல் ஏறத்தாழ ஒரு லட்சம், 41 ஆயிரம், 23 ஆயிரம் ஆண்டுகள் என்ற சுழற்சிகளைக் கண்டார்கள். புவியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறும் கால அளவுகளோடு அவை பொருந்தின. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. என் வீட்டு மாடியிலிருந்து தெரியும் பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் அதில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூட இல்லாதது என்பதால், அன்று அது முழுவதும் தரை. இப்போது அந்த நீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது.

ஐயம் உடையவன்:

எல்லாம் படித்தேன். இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். கடலடியில் புழுக்கள் உண்டு; அவை சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். நூறாண்டுச் சேறும் ஆயிரமாண்டுச் சேறும் கலந்துபோன பிறகு அடுக்கு ஏது? இரண்டாவது, மேல்மட்டத்தில் விழும் ஓர் ஓடு நாலாயிரம் மீட்டர் இறங்குவதற்குள் நீரோட்டம் அதை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். அப்புறம் கீழே கிடப்பது மேலே இருந்த கடலைக் காட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? ஆண்டுக் கணக்கும் எதை வைத்து?

தொண்டிக்கரை:

இரண்டும் நியாயமான தடைகள். இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். மிதக்கும் நுண்பாசிகளைப் போர்த்தியிருக்கும் காக்கோலித் என்னும் சுண்ணாம்பு நுண்தகடு தனியாக இறங்கினால் உண்மையிலேயே பல ஆண்டுகள் மிதந்து அலையும். பெரும்பாலானவை அப்படி இறங்குவதில்லை. சிறு கடல் உயிர்கள் அவற்றைத் தின்று கழிக்கும் எச்சக் குருணைகளில் கட்டுண்டு சில வாரங்களில் தரையைச் சேர்ந்துவிடுகின்றன. ஃபோராமினிஃபெரா ஓடு மணல்போல் கனமானது; நாட்கணக்கில் இறங்கிவிடும். அதனால்தான் கீழே உள்ள சேற்றின் வரைபடம் மேலே உள்ள கடலின் வரைபடத்தைப் பெருமளவு ஒத்திருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றி டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சேறு ஒரு வளையமாகக் கிடப்பது அங்கே மேல்மட்டத்தில் டயட்டம் செழிப்பதால்தான். அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த காலங்களில் அடிநீர் மேலெழுந்து செழிப்பு கூடியதை, குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஒரே ஃபோராமினிஃபெரா இனத்தின் பெருக்கம் காட்டிக்கொடுக்கிறது.

புழுக்களைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. சாதாரண ஆழ்கடல் சேற்றின் மேல் சில அங்குலம் எப்போதும் கிளறப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே ஓராண்டு, பத்தாண்டு என்ற நுட்பம் கிடைக்காது. ஆனால் அந்தக் கிளறலே ஒரு சான்று. அரபிக் கடலில் ஏறத்தாழ 150 முதல் 1,200 மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகவும் வற்றிய நீர் இருக்கிறது. அந்த நீர் தரையைத் தொடும் சரிவுகளில் புழுக்கள் வாழ முடியாததால், அடுக்குகள் புத்தகத் தாள்போல் கலையாமல் நிற்கின்றன. கலையாத கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் இல்லை, கலைந்திருந்தால் இருந்தது. கலைத்த தடத்தின் வடிவமும் பேசும். உணவு மிகுந்த, அலை அடிக்கும் கரையோரத்தில் உயிர்கள் செங்குத்தாகத் துளையிட்டு ஒளிந்துகொள்ளும். உணவு அரிதான ஆழத்தில் ஓர் அங்குலமும் வீணாகாமல், மேல்பரப்பை வளைந்து வளைந்து மேய்ந்து போகும். பேலியோடிக்டியான் என்ற தடம் அறுகோணங்களால் ஆன வலை; முதன்முதலில் அதன் படத்தைப் பார்த்தபோது எங்கள் ஆயா முகப்பில் புள்ளி வைத்துப் போடும் கோலம்தான் நினைவுக்கு வந்தது. செய்லாக்கர் 1960களில் இந்தத் தடங்களை ஆழத்தோடு இணைத்துக் காட்டினார்.

ஆண்டுக் கணக்குக்குப் பல கைகள் உண்டு. கதிரியக்கக் கரிமம்-14 ஏறத்தாழ 50 ஆயிரம் ஆண்டு வரை உதவும். அதற்கு அப்பால், சுமத்ராவின் டோபா எரிமலை ஏறத்தாழ 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் வங்காள விரிகுடாத் தூண்களில் ஒரே நேரத்துக் கோடாகக் கிடக்கிறது. இன்னும் கீழே போனால், புவிகாந்தம் தலைகீழாக இருந்து ஏறத்தாழ 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலைக்குத் திரும்பியதன் பதிவு கிடைக்கிறது.

எல்லாச் சான்றும் இருந்தும் வழக்கு முடியாத இடங்களும் உண்டு. 1970இல் குளோமர் சேலஞ்சர் என்னும் துளையிடல் கப்பல் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் துளையிட்டபோது, ஏறத்தாழ 60 லட்சம் முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்த ஜிப்சமும் உப்பும் வந்தன. நீர் வற்றும் உப்பளத்தில் உண்டாகும் பொருள் ஆழ்கடலின் அடியில் கிடந்தால், கடலே வற்றியதா, அல்லது ஆழமான நீரிலேயே உப்பு செறிந்து படிந்ததா? கடல் வெகுவாகத் தாழ்ந்தது என்றே நான் நினைக்கிறேன்; எவ்வளவு தாழ்ந்தது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உப்பு அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள ஆழ்கடல் சேற்றில் சண்டை இல்லை. நடுவில் உள்ள அந்த அடுக்கைப் படிப்பதில்தான் சண்டை.

ஐயம் உடையவன்:

எச்சக் குருணை பற்றி எனக்குத் தெரியாது. அந்தத் தடையைத் திரும்பப் பெறுகிறேன். உப்பைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.

பேரேடு:

ஒரு சிறு ஐயம். கணக்கில் சில நாட்களுக்குப் பதிவே இல்லாமல் இருக்கும். கடை திறக்கவில்லையா, அல்லது தாளைக் கிழித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டியிருக்கும். கடலடியில் சேறு வராத காலத்தையும், வந்ததை வெள்ளம் அரித்துக்கொண்டுபோன காலத்தையும் வேறுபடுத்த முடியுமா?

தொண்டிக்கரை:

பெரும்பாலும் முடியும். சேறு மிக மெதுவாக வந்த இடத்தில் மாங்கனீசுக் கட்டிகள் வளரும். அவை பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே பருக்கின்றன; சேறு வேகமாக வந்தால் மூடிப்போகும். மத்திய இந்தியப் பெருங்கடலில் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவை தரையின் மேலேயே கிடக்கின்றன. அரித்த இடத்திலோ அடிக்கோடு கரடுமுரடாக இருக்கும், கீழ் அடுக்கின் களித் துண்டுகள் மேல் அடுக்கின் மணலில் சிக்கியிருக்கும், புதைபடிவ இனங்களின் வரிசையில் ஓர் இடைவெளி தெரியும்.

செம்மண் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. ஊருணி அவர்கள் சொன்னதை வைத்து வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். ஐந்து கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, நாளுக்கு ஒரு கரண்டியாகச் செம்மண், கரம்பை, பொடித்த கிளிஞ்சல் ஆகியவற்றை ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த வரிசையில் இட்டுத் தெளியவிட்டது. ஒவ்வொரு கரண்டியிலும் பருமணல் முதலில் இறங்கி, களி மறுநாள் காலையில்தான் தெளிந்தது. ஐந்தாம் நாள் குவளைகளை மாற்றிக் கொடுத்து, மற்றக் குழு எந்த நாளில் எதை இட்டது என்று எழுதச் சொன்னேன். நான்கு குவளைகளைச் சரியாகப் படித்துவிட்டார்கள்.

ஐந்தாவது குவளையில் கடைசி நாள் நீரை உயரத்திலிருந்து ஊற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. ஓர் ஓரத்தில் அடுக்கு குழிந்து, கரம்பை இருந்த இடத்தில் செம்மணல் நேராகக் கிளிஞ்சல் பொடியின் மேல் உட்கார்ந்திருந்தது. முதலில் கேள்வி கேட்ட மாணவிதான் அந்தக் குவளையைப் படித்தவள். மூன்று நாள்தான் தெரிகிறது என்று மற்றவர்கள் எழுதியபோது, அவள் குவளையைத் திருப்பி மறுபக்கத்தில் மெல்லியதாகத் தங்கியிருந்த கரம்பையைக் காட்டி, நான்கு நாள் என்று எழுதினாள். அடுத்த மாதம் அவர்களைத் தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகக் கடலியல் துறைக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டிருக்கிறேன். அங்கே போகுமுன் அவர்கள் செய்து பார்க்க இன்னும் ஏதாவது உண்டா?

தொண்டிக்கரை:

உண்டு. தொண்டிக் கடற்கரையில் அலை தொடும் கோட்டிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து, துணியில் அலசி, உலர்த்தி, கறுப்புத் தாளின் மேல் மெல்லியதாகத் தூவி, கைக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். மணற்பரல்களுக்கு நடுவே கடுகை விடச் சிறிய, சங்கைப்போல் சுருண்ட வெள்ளை ஓடுகள் சில கிடைக்கும். அவை கரையோரத் தரையில் வாழும் ஃபோராமினிஃபெரா. ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்து ஒரு சீட்டில் ஒட்டிவையுங்கள். எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தது என்பதைச் சீட்டின் பின்புறம் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வரும் நாளைச் சொன்னால், நான் வைத்திருக்கும் மிதந்து வாழும் வகைகளின் சீட்டை எடுத்துவருகிறேன். இரண்டையும் அருகருகே வைத்து அந்தப் பிள்ளையையே பார்க்கச் சொல்வோம்.